கோட்டைக் கணக்கும் கொத்துக் கணக்கும்

வட்டக்கோட்டை வட்டமாக இல்லை. போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கடலை ஒட்டி, நாலு பக்கமும் கருங்கல் மதில் எழும்பி நிற்கிறது. 1741-ல் குளச்சலில் தோற்றுப் பிடிபட்ட டச்சுக்காரன் டிலனாய், பிறகு மார்த்தாண்ட வர்மாவின் படைக்கே தலைவனாகி, இதைக் கல்லால் எடுத்துக் கட்டினான். பாண்டியரின் மீன் சின்னம் கல்லில் இருப்பதைச் சுற்றுலா வருகிறவர்களுக்குக் காட்டுகிறார்கள். ராஜாவுக்கு அடையாளம் இருக்கிறது, தளபதிக்குப் பெயர் இருக்கிறது. கல் சுமந்தவனுக்கு ஒன்றும் இல்லை. அது எல்லாக் கோட்டையிலும் உள்ள கதைதான்.

எங்க பாட்டிக்குக் கோட்டை என்றால் இந்தக் கல்மதில் இல்லை. நெல். 21 மரக்கால் ஒரு கோட்டை. நிலத்தையும் அந்தச் சொல்லால்தான் சொல்வார்கள்: இந்த வீட்டுக்கு இத்தனை கோட்டை விதைப்பாடு என்று. வட்டக்கோட்டைப் பக்கம் பனையும் தென்னையும். நடவுக்கும் அறுப்புக்கும் பாட்டி மேற்கே வயல்காட்டுக்குப் போவாள். கன்னிப்பூ, கும்பப்பூ இரண்டு போகத்துக்கும் போனவள். எந்த வீட்டுக்கு எத்தனை கோட்டை விதைப்பாடு என்று தொண்ணூறு வயதை நெருங்கும்போதும் விரல் மடக்கிச் சொல்வாள். "நமக்கு எத்தன பாட்டி?" என்று கேட்டால் சிரிப்பாள். "கோட்டையெல்லாம் அவியளுக்கு மக்கா. நமக்குக் கொத்து." கொத்து என்றால் அறுத்தவளுக்குக் களத்தில் அளந்து போடுகிற கூலி நெல்.

நாஞ்சில் நாட்டில் நிலவுடைமை ஒழிந்த கதையை எழுதியவர்கள் எல்லாரும் கோட்டைக் கணக்கை எழுதினார்கள். கொத்துக் கணக்கை யாரும் எழுதவில்லை. சட்டத்திலும் அப்படித்தான், இலக்கியத்திலும் அப்படித்தான் என்பதை இங்கே பேச விரும்புகிறேன்.

1

முதலில் ஓலை. அழகியபாண்டியபுரம் முதலியார் வீட்டில் கிடைத்த ஓலைகள் நாஞ்சில் நாட்டு வரலாற்றுக்குப் பெரிய ஆதாரம். அவற்றைத் தேடிப் படித்து வெளியே சொன்னவர்களில் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையும் ஒருவர். பின்னாளில் அ.கா. பெருமாள் அவற்றைத் தொகுத்து நூலாக்கினார். நிலம் விற்ற ஓலை, ஒற்றி வைத்த ஓலை, வரி ஓலை எல்லாம் அதில் இருக்கின்றன. ஆள் விற்ற ஓலையும் இருக்கிறது.

இந்த ஓலைகளை ஒரு தலித் எப்படி வாசிப்பது? வரலாற்றுப் பேராசிரியர்களுக்கு அவை 'ஆவணம்'. எனக்கு அவை எங்க குடும்பத்தின் பெயர் எழுதப்பட்ட ஒரே இலக்கியம். ஆனால் பெயர் எந்த இடத்தில் இருக்கிறது என்று பாருங்கள். விற்கிறவன், வாங்குகிறவன், சாட்சி, எழுதினவன் என்று கையெழுத்துப் போடுகிற இடம் நாலு. அந்த நாலிலும் நாம் இல்லை. பொருள் இருக்கிற இடத்தில் இருக்கிறோம். வயலும் மரமும் எந்த வரிசையில் வருமோ அந்த வரிசையில்.

1836-ல் திருவிதாங்கூரில் தலைக்கணக்கு எடுத்தபோது 12,80,668 பேரில் 1,64,864 பேர் அடிமைகள். எட்டுப் பேரில் ஒருவர். அதற்கும் முன்னால், 1812-ல், அடிமை வியாபாரம் கூடாது என்று ராணி லட்சுமிபாய் ஒரு விளம்பரம் போட்டார். ஆனால் விவசாயத்துக்காக நிலத்தோடு கட்டப்பட்ட அடிமைகளுக்கு அது பொருந்தாது என்று விலக்கும் வைத்தார். விலக்கு வைத்த இடத்தில்தான் நம்மாட்கள் இருந்தார்கள்.

இந்த மனிதர்களைப் பொருளாக இல்லாமல் ஆளாக முதலில் எழுதினவர்கள் மிஷனரிகள். எங்களுக்குப் பக்கத்து ஊர் மயிலாடி. சாம்பவர் குலத்து வேதமாணிக்கம் கூப்பிட்டு ரிங்கல்தௌபே இங்கே வந்தது 1806-ல். 1809-ல் அங்கே கோயில் கட்டினார்கள். 1847-ல் லண்டன் மிஷனைச் சேர்ந்தவர்கள் அடிமை முறையை ஒழிக்கச் சொல்லி ராஜாவுக்கு மனு கொடுத்தார்கள். 1871-லும் 1883-லும் வந்த சாமுவேல் மட்டீரின் நூல்களில் அடிமைகளின் வேலை, கூலி, அடி, பசி எல்லாம் பதிவாகி இருக்கின்றன. நன்றியோடுதான் சொல்கிறேன். ஆனால் அவர்களுடைய கணக்கு ஆத்துமக் கணக்கு. எத்தனை பேர் ஞானஸ்நானம் எடுத்தார்கள் என்று இருக்கும். எத்தனை பேருக்கு எத்தனை சென்ட் கிடைத்தது என்று அவர்கள் கேட்டது குறைவு.

2

இரண்டு வருஷங்களைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 1855. 1865.

1855-ல் திருவிதாங்கூரில் அடிமை முறை ஒழிக்கப்பட்டது. ஒழித்தார்கள், சரி. விடுதலையானவன் கையில் என்ன இருந்தது? உழுத நிலம் இல்லை. இருக்கிற குடிசையின் மண்ணும் உடையவனுடையது. மறுநாள் காலையில் அவன் அதே வயலுக்குத்தான் போனான். வேறு எங்கே போவான்?

பத்து வருஷம் கழித்து, 1865-ல், பண்டாரப்பாட்டம் விளம்பரம் வந்தது. சர்க்கார் நிலத்தைப் பாட்டத்துக்கு வைத்திருந்தவர்களுக்கு அந்த நிலம் முழு உரிமையானது. விற்கலாம், பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம். திருவிதாங்கூர்க் குடியானவனின் மாக்னா கார்ட்டா என்று வரலாற்றுக்காரர்கள் இதைக் கொண்டாடுகிறார்கள். 1811-ல் மன்றோ பெரிய தேவஸ்தானங்களையும் அவற்றின் நிலங்களையும் சர்க்கார் வசம் எடுத்திருந்ததையும் சேர்த்துப் பார்த்தால், ராஜாங்கம் எவ்வளவு பெரிய நிலவுடைமையாக இருந்தது, இந்த விளம்பரம் எவ்வளவு பெரிய காரியம் என்று புரியும்.

ஆனால் யாருக்கு? பாட்டச்சீட்டு கையில் உள்ளவனுக்கு. பத்து வருஷத்துக்கு முன்னால்வரை தானே ஒரு சீட்டில் எழுதப்பட்ட பொருளாக இருந்தவன் கையில் பாட்டச்சீட்டு எப்படி இருக்கும்? இந்தியா முழுக்க நிலச்சீர்திருத்தம் பேசப்படுவதற்கு நூறு வருஷத்துக்கு முன்னாலேயே அதன் எல்லை இங்கே போடப்பட்டுவிட்டது. நிலம், உடையவனிடமிருந்து குத்தகைக்காரனுக்கு வரும். அதற்கு இந்தப் பக்கம் வராது.

இதை முதலில் அதிகாரத்தின் முகத்துக்கு நேரே சொன்னவர் அய்யன்காளி. ஸ்ரீமூலம் பிரஜா சபையில் 1912-ல் அவர் கேட்டது நிலம். கோயிலுக்குள் விடு என்பது அல்ல அவருடைய முதல் பேச்சு. புதுவல் நிலத்தைப் புலையருக்குப் பதித்துக் கொடு என்பதுதான்.

3

இனி இலக்கியத்துக்கு வருகிறேன். நான் எம்.ஏ. தமிழ் படித்தபோது 'நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்' பாடம். கவிமணி 1917, 1918-ல் 'தமிழன்' இதழில் தொடராக எழுதியது. சொத்து பிள்ளைகளுக்குப் போகாமல் சகோதரி மக்களுக்குப் போகிற முறையால் வெள்ளாள வீடுகள் பட்ட பாட்டை ஒரு பெண்ணின் வாயால் சொல்கிற நூல். காரணவரின் ஐந்தாவது மனைவி அழுகிறாள். அவள் அழுகையைக் கேட்டு நாம் சிரிக்கிறோம். வகுப்பு முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன்.

அப்புறம் ஒரு கேள்வி கேட்டேன். "ஐயா, இவ்வளவு சண்டை நடக்கிற இந்த வயலை நட்டது யாரு?" வகுப்பு மறுபடியும் சிரித்தது. இந்தத் தடவை என்னைப் பார்த்து. "இலக்கியத்தை இலக்கியமாப் பார்க்கணும்" என்று சொல்லி ஆசிரியர் அடுத்த படலத்துக்குப் போய்விட்டார்.

எனக்குத் தெரியும், சிலர் சொல்வார்கள்: அது மருமக்கள்வழிக் கொடுமை பற்றிய நூல், அதில் பள்ளரும் பறையரும் ஏன் வரவேண்டும்? நியாயமான கேள்விதான். கவிமணி தன் சாதியின் வழக்கத்தைத் தானே கேலி செய்தார். பெண்ணின் பக்கம் நின்றார். அந்தத் துணிச்சலை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த நூலின் மையம் சொத்து. பத்தாயத்தில் நெல் இருப்பதால்தான் ஐந்து கல்யாணம், நெல் குறைவதால்தான் அழுகை. அந்த நெல் எப்படிப் பத்தாயத்துக்கு வந்தது என்பதைச் சொல்ல ஒரு கதாபாத்திரம் வேண்டுமா, வேண்டாமா? காரணவர், மனைவிமார், மாமியார், மருமகன் என்று வீட்டுக்குள் இருக்கிற ஒவ்வொருவருக்கும் குணமும் பேச்சும் கொடுத்த கவிஞர், அறுத்துக் கொண்டுவந்து போட்டவளுக்கு அதைக் கொடுக்கவில்லை. பஞ்சத்துக்கும் வழக்குக்கும் நடுவில் அவள் என்ன சாப்பிட்டாள்? 1855-க்கும் மான்மியத்துக்கும் நடுவில் அறுபது வருஷம்தான். அடிமையாய்ப் பிறந்த கிழவிகள் அந்த வயல்களில் இன்னும் களை பறித்துக்கொண்டிருந்த காலம் அது. ஆள் விற்ற ஓலைகளும் சேர்ந்து கிடந்த கட்டுகளைப் படித்தவர் கவிமணி என்பதால்தான் இந்தக் கேள்வியை அவரிடம் கேட்கிறேன். தெரியாதவரிடம் கேட்க மாட்டேன்.

மான்மியம் வீண்போகவில்லை. நாஞ்சில் நாட்டு வெள்ளாளர் சட்டம் 1926-ல் வந்தது. சொத்தில் பிள்ளைகளுக்கும் பங்கு வந்தது, குடும்பங்கள் பாகம் பிரிந்தன. ஒரு இலக்கியம் சட்டத்துக்கு வழி திறந்த கதை என்று மேடைகளில் சொல்கிறார்கள். நிஜம்தான். அந்தப் பாகப்பிரிவினையின் இன்னொரு விளைவை யாரும் சொல்வதில்லை. 35 வருஷம் கழித்து, 1961-ல், தமிழ்நாட்டு நில உச்சவரம்புச் சட்டம் வந்தபோது ஒரு குடும்பத்துக்கு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் என்று எல்லை வைத்தார்கள். 1970-ல் அதை 15 ஆக்கினார்கள். ஏற்கனவே மகனுக்கும் மருமகனுக்கும் பிரித்து எழுதி முடித்த வீடுகளை இந்த உச்சவரம்பு எங்கே போய்த் தொடும்? நாஞ்சில் நாட்டில் பெரிய நிலவுடைமை உடைந்தது உண்மை. வீட்டுக்குள்ளேயே உடைந்தது. உடைந்த துண்டு ஒன்றும் வாசலைத் தாண்டி வெளியே விழவில்லை.

4

கோட்டைக்குக் கீழே மரக்கால். டி. செல்வராஜ் 1960களில் எழுதிய 'மலரும் சருகும்' நாவலை இந்த இடத்தில் நினைக்க வேண்டும். நெல்லைச் சீமையின் முத்திரை மரக்கால் போராட்டம் அதன் களம். குத்தகை நெல்லை நிலக்காரனின் கள்ள மரக்காலால் அளக்காதே, சர்க்கார் முத்திரை போட்ட மரக்காலால் அள என்பது கோரிக்கை. வீட்டுக்குள் கிடந்த கதையைச் செல்வராஜ் களத்துக்குக் கொண்டுவந்தார். பள்ளர் வாழ்க்கையை நாவலின் நடுவில் வைத்தார். மான்மியத்திலிருந்து இது எவ்வளவு தூரம்! எங்க பாட்டிக்கு இதைப் படித்துக் காட்டியபோது, "மரக்காலுக்கு அடியில சாணி மெழுகுவானுவோ, உனக்குத் தெரியுமா?" என்று அவளே மேற்கொண்டு சொல்ல ஆரம்பித்தாள்.

ஆனாலும் முத்திரை மரக்கால் குத்தகைக்காரனின் கோரிக்கை. மரக்காலுக்குக் கீழே படி இருக்கிறது, கொத்து இருக்கிறது. கொத்து அளக்கிற படிக்கு யார் முத்திரை கேட்டது? கேட்டவர்கள் கீழத் தஞ்சையில் இருந்தார்கள். கூலி நெல்லில் அரைப்படி கூட்டிக் கேட்டதும் சங்கம் வைத்ததும்தான் அவர்கள் குற்றம். 1968 டிசம்பர் 25 ராத்திரி கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் வைத்து 44 பேரைக் கொளுத்தினார்கள். 1973-ல் உயர்நீதிமன்றம் நிலக்காரரை விடுதலை செய்தது. 1975-ல் இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்' வந்தது. நிலக்காரனின் கொடுமைக்குக் காரணத்தை அவனுடைய ஆண்மைக் குறைவில் தேடிய நாவல். அரைப்படி நெல்லுக்கு நடந்த கொலையை மனநோயாளியின் கதையாக்கியது. சாகித்ய அகாடமி அதற்குப் பரிசும் கொடுத்தது. கொத்துக் கணக்கை எழுத வேண்டிய இடத்தில் படுக்கையறைக் கணக்கை எழுதினால் இலக்கியம் ஆழமாகிவிடுமா?

நம்ம எழுத்து வந்த பிறகுதான் இந்தக் கணக்கு கொஞ்சம் மாறியது. பூமணியின் 'வெக்கை'யில் கொஞ்சம் நிலம் கையில் இருப்பதே உயிருக்கு ஆபத்தாகிறது. இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' நாவலில் ஊர்ச்சோறும் களத்துத் தானியமுமே ஆரோக்கியத்தின் உலகம். ஆனால் நாஞ்சில் நாட்டு வயல்காட்டிலிருந்து இப்படி ஒரு பெரும் எழுத்து நம்மிடமிருந்து வரவில்லை. இந்த மாவட்டத்தில் தாழ்த்தப்பட்டோர் 2011 கணக்கில் நூற்றுக்குச் சுமார் 4 பேர்தான் என்பது ஒரு காரணமாக இருக்கலாம். தமிழ்நாடு முழுக்க நூற்றுக்கு 20 பேர். குறைவாக இருக்கிறவர்கள் குரல் குறைவாகத்தான் கேட்கும் என்று விட்டுவிடவா?

5

சட்டங்களையும் ஒரு பிரதியாக வாசிக்கலாம். யார் கதாபாத்திரம், யார் இல்லை என்று பார்த்தால் போதும்.

1956 நவம்பர் 1-ல் நாங்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தோம். 1964-ல் இந்த மாவட்டத்துக்கென்றே சில சட்டங்கள் வந்தன. ஜன்மிக்கரம் ஒழிந்தது. பத்மநாபசுவாமி கோயிலைச் சேர்ந்த ஸ்ரீபண்டாரவக நிலங்கள் ரயத்துவாரியாயின. ஜன்மி ஒரு கதாபாத்திரம், குடியான் ஒரு கதாபாத்திரம். வயலில் நிற்கிறவள் இல்லை. 'பயிரிடும் குத்தகைதாரர்' என்பது தமிழ்நாட்டுச் சட்டங்களில் பெரிய வார்த்தை. அதன் இலக்கணப்படி தானோ தன் குடும்பமோ உடலுழைப்புத் தரவேண்டும். நல்லது. ஆனால் உழைப்பு மட்டும் போதாது, குத்தகை ஒப்பந்தமும் வேண்டும். 'உழுபவனுக்கே நிலம்' என்று மேடையில் முழங்கியதைச் சட்டப் புத்தகத்தில் 'ஒப்பந்தம் உள்ளவனுக்கே நிலம்' என்று எழுதி வைத்தார்கள். பண்ணையாளுக்கென்று 1952-ல் ஒரு பாதுகாப்புச் சட்டம் வந்தது, தஞ்சாவூர் மாவட்டத்துக்கு மட்டும். அப்போது நாங்கள் சென்னை ராஜ்யத்திலேயே இல்லை.

எங்களுக்கு வந்தது 1971-ன் குடியிருப்புச் சட்டம். குடிசை இருக்கிற மண் குடியிருப்பவனுக்கு. எங்க புரையிடமும் அப்படி வந்ததுதான். அது பெரிய விஷயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். "எறங்குடா" என்று ஒருத்தன் சொல்ல முடியாது என்று ஆன பிறகுதான் எங்க பாட்டா தோளில் துண்டு போட்டார். ஆனால் தலைவைத்துப் படுக்கிற மண் வேறு, சோறு தருகிற மண் வேறு. எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளத்திலும் கதை இதுதான். 1970 ஜனவரி 1 முதல் குத்தகை முறையே ஒழிந்தது, குத்தகைக்காரன் வயலுக்கு உடையவன் ஆனான். குடிகிடப்புக்காரனுக்குக் கிராமத்தில் 10 சென்ட். அந்தப் பத்துச் சென்டின் கணக்குத்தான் 2007-ல் செங்கறைத் தோட்டத்தில் கூடாரம் போட்டு உட்கார்ந்தது.

இதையெல்லாம் 1947-லேயே அம்பேத்கர் எழுதி வைத்தார். அரசியல் நிர்ணய சபைக்காகத் தயாரித்த 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' அறிக்கையில், குத்தகைச் சட்டங்களால் நிலமில்லாக் கூலிகளான தீண்டப்படாதாருக்குப் பயன் இல்லை என்றார். நிலம் அரசுடைமையாகி, சாதி பார்க்காமல் கூட்டுப்பண்ணையாகப் பயிரிடப்பட வேண்டும் என்றார். நிலக்காரனும் இருக்கக்கூடாது, குத்தகைக்காரனும் இருக்கக்கூடாது, நிலமில்லாக் கூலியும் இருக்கக்கூடாது என்று மூன்று பேரையும் சேர்த்துச் சொன்னார். நம்முடைய சட்டமும் இலக்கியமும் இரண்டு பேர் வைத்து நடத்திய கதையில் மூன்றாவது ஆளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் அவர்.

வடமாவட்டத் தோழர்கள் பஞ்சமி நிலம் என்கிறார்கள். 1994-ல் காரணையில் இரண்டு பேர் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். அவர்கள் கையில் 1892-ன் அரசாணை இருக்கிறது. அது சென்னை மாகாணத்து ஆணை. நாங்கள் திருவிதாங்கூர். 'மீட்போம்' என்று சொல்ல எங்களுக்கு ஒரு பழைய காகிதம் கூட இல்லை. எங்களிடம் இருக்கிற ஒரே பழைய காகிதம் நாங்கள் விற்கப்பட்ட ஓலை.

6

இப்போது அந்த வயல்களும் போகின்றன. நாலுவழிச் சாலைக்குப் போனது கொஞ்சம். கல் நட்டு, சென்ட் கணக்கில் பிளாட் போட்டு விற்றது அதைவிட அதிகம். நாஞ்சில் நாட்டு நெல்வயல் அழிகிறது என்று கவிதை எழுதுகிறார்கள், கட்டுரை எழுதுகிறார்கள். அந்த வருத்தத்தில் எனக்கும் பங்கு உண்டு. ஆனால் அதில் வருவது விற்றவனின் ஏக்கம்தான். விற்ற பணத்தில் பங்கில்லாமல், வேலையும் போய், நூறு நாள் வேலைக்குப் பேர் கொடுத்துக் காத்திருப்பவளின் குரல் அதில் இல்லை.

2013-ன் நிலம் கையகப்படுத்தும் சட்டத்தில் ஒரு புதுமை இருக்கிறது. 'பாதிக்கப்பட்ட குடும்பம்' என்ற சொல்லுக்குள், நிலம் இல்லாவிட்டாலும் மூன்று வருஷமாக அந்த மண்ணை நம்பிப் பிழைத்த விவசாயக் கூலியையும் சேர்த்தார்கள். மூன்றாவது ஆளுக்குச் சட்டத்தில் ஒரு வரி கிடைத்தது. தனியாள் தனியாளுக்கு விற்கிற பிளாட்டில் அந்த வரி சாதாரணமாக எட்டிப் பார்ப்பதில்லை. அரசு எடுக்கிற இடத்திலோ, அதிகாரி கேட்பார்: மூன்று வருஷம் வேலை செய்ததற்கு என்ன ஆதாரம்?

பாட்டியிடம் இதைச் சொன்னேன். மூன்று வருஷமா என்று கேட்டாள். அறுபது வருஷம் ஞாறு நட்டவள். எந்த வரப்பில் பாம்பு கிடக்கும், எந்த மடை முதலில் உடையும், எந்தக் களத்தில் எந்த வருஷம் எத்தனை பொலி தூற்றினார்கள் என்று ராத்திரி முழுக்கச் சொன்னாள். கடைசியில் அவள் கேட்டது: "கொத்துக்குச் சீட்டு தந்தானுவளா மக்கா?"

அன்றைக்கு ராத்திரி அவள் சொன்னதை ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதினேன். வயல் பேர், மடைப் பேர், வருஷம், கூட அறுத்தவர்கள் பேர், அளந்த படி, குறைத்த படி. எழுதி முடித்த பிறகு அவள் கைநாட்டு வைத்தாள். இதை இலக்கியம் என்று பல்கலைக்கழகம் சொல்லாது. ஆதாரம் என்று தாலுகா ஆபீஸ் சொல்லுமா என்றும் தெரியாது. இரண்டு இடத்திலும் கொண்டுபோய் வைக்கத்தான் போகிறேன். தோழர்களே, உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு கிழவி இருப்பாள். அவள் இருக்கும்போதே ஒரு நோட்டு வாங்குங்கள்.